முதல் கம்பிக்காரி

"நாய் செத்தது எந்த மாசம்?" என்று கேட்டபடியே ஒரியானா பெரெய்ரா சுரைக்குடுக்கையில் வெந்நீர் ஊற்றுகிறாள். எதிரே நடைபாதையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும் புதுப் பெண்ணுக்கு உள்ளங்கை வியர்க்கிறது. பூமியின் தென்கோடியில், பராகாஸ் பேட்டையின் ஜூலைக் குளிரில் உள்ளங்கை வியர்ப்பது லேசான காரியம் அல்ல. "மார்ச்சுன்னு நினைக்கிறேன்" என்கிறாள் அவள். ஒரியானா மாத்தே கஷாயம் நிரம்பிய குடுக்கையை அந்தப் பெண்ணின் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய், அப்படியே அவளைத் தாண்டி அடுத்தவளிடம் நீட்டுகிறாள். புதுப் பெண் தன் பையை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடக்கிறாள். நாய் செத்தது பிப்ரவரியில்.

நாய் தாரியோ லுஸ்ஸுடையது. தாரியோ லுஸ் யார் என்று கேட்கிறவர்கள் இந்தத் தெருப்பக்கம் வராமல் இருப்பது அவர்கள் உடம்புக்கு நல்லது. இதே நாட்டு ரொசாரியோவில் பிறந்தவன், பாடகன். காதலில் தோற்றதைப் பற்றியே வருஷாவருஷம் பாடி, அந்தத் தோல்வியில் மயாமியில் கடலைப் பார்த்த வீடு வாங்கியவன். அவன் ஊருக்கு வந்து பாடப்போகிறான் என்று தெரிந்த மறுநாளே மைதானச் சுவரை ஒட்டிக் கூடாரங்கள் முளைத்துவிட்டன. இலையுதிர் காலத்தில் முளைத்தவை, குளிர்காலத்திலும் அங்கேயே நிற்கின்றன. எல்லாம் எதற்காக என்றால், மேடைக்கு முன்னால் ஓர் இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கிறது; அதில் விலா எலும்பு பதிய நின்றால் பாடுகிறவனின் வியர்வை மேலே தெறிக்குமாம். சொந்த அண்ணனின் பனியனைத் துவைக்கச் சொன்னால் மூக்கைப் பிடிக்கிற பிள்ளைகள்தான் இவர்கள்.

முதல் கூடாரம் ஒரியானாவுடையது. வயது பதினேழு. ஒல்லி உடம்பு, பெரிய குரல். அவளை யாரும் தலைவியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. முதலில் வந்தாள், அதட்டினாள், மற்றவர்கள் அடங்கினார்கள். நாடுகளில் ஆட்சி அமைவதும் பெரும்பாலும் இப்படித்தான். யார் எப்போது கூடாரத்தில் இருக்க வேண்டும், யார் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம், யார் அழலாம், எந்தப் பாட்டுக்கு அழலாம் என்பதெல்லாம் அவள் வாயிலிருந்து வரும். பின்வரிசைக் கூடாரங்களில் இருபத்தைந்து வயதுக் கழுதைகள் இருக்கிறார்கள், அரசு உத்தியோகத்தில் இருப்பவர்கள் கூட. அவர்களும் ஒரியானாவிடம் கேட்டுக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போகிறார்கள்.

அவள் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் இடத்தைக் காப்பது தாய் கிராசியேலா. தையல்காரி. கூடாரத்துக்குள் கால் நீட்டி உட்கார்ந்து ஊரார் கால்சட்டைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருப்பாள். எதிர்வீட்டுக்காரி ஒருத்தி, பெண்பிள்ளையை இப்படித் தெருவில் விடலாமா என்று கேட்டபோது கிராசியேலா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "போதை, குடின்னு போகாம ஒரு பாட்டுக்காரன் பின்னாடிதானே போறா, போகட்டும் விடுங்க" என்றாள்.

ஒரியானா பாலாடைக்கட்டி சாப்பிடமாட்டாள். தாரியோவுக்குப் பால் பொருள் ஆகாது என்று ஒரு பேட்டியில் வந்ததிலிருந்து நிறுத்திவிட்டாள். இந்த ஊரில் பாலாடைக்கட்டி இல்லாமல் பீட்சா கேட்பவளைக் கடைக்காரர்கள் பார்க்கிற பார்வையை அவள் பெருமையாகத் தாங்கிக்கொள்கிறாள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கமாட்டாள்; அவனுக்கு ஒருமுறை இடது தோள் பிசகியது. அவனுக்குக் காதலி வாய்த்தால் இவளுக்குக் காய்ச்சல் வரும், பிரிந்தால் இறங்கும். கணக்குப் பாடத்தில் முட்டை வாங்குகிறவள், மயாமியில் இப்போது அவன் என்ன சாப்பிட்டுக்கொண்டிருப்பான் என்பதை நேர வித்தியாசம் பார்த்துச் சொல்லிவிடுவாள். பிப்ரவரியில் நாய்க்காகக் கறுப்பு உடுத்துகிறாள். சொந்தத் தாத்தா செத்தபோது பச்சைச் சட்டையில் வந்து நின்றவள்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஷிமேனா கதை ஒன்று இருக்கிறது. பாலர் பள்ளியிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதி. ஒருநாள் காலை பல் தேய்க்கும்போது ஷிமேனா வேறு ஒரு பாடகனின் மெட்டை முணுமுணுத்துவிட்டாள். வேண்டுமென்று செய்ததல்ல, பேருந்தில் கேட்டது வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரியானா அன்றைக்கே அவள் கூடாரத்தைப் பிடுங்கவைத்து, வரிசையின் கோடியில், தற்காலிகக் கழிப்பறைகளுக்குப் பக்கத்தில் நடவைத்தாள். ஷிமேனா அழுதாள், மன்னிப்புக் கேட்டாள், நாய் செத்த மாதத்தைக் கூடச் சொல்லிப் பார்த்தாள். ஒரியானா மசியவில்லை. "அவனைத் தெரியாதவளுக்குக் கம்பி கிடையாது" என்றாள். அதுதான் அவள் வகுத்த ஒரே சட்டம். வரிசை முழுக்க அதற்குக் கட்டுப்பட்டது.

சட்டம் இன்னும் கடுமையானதற்குக் காரணம் மே மாதத்தில் வந்த ஒரு போலி. வெள்ளிச் சட்டை போட்டுக்கொண்டு, தலைமுடியை அவனைப்போலவே வாரிக்கொண்டு, "நான்தான் தாரியோ" என்று ஒரு பையன் வந்தான். ஒரியானா பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம். பெண்கள் விழுந்தடித்துக்கொண்டு அவனுக்கு மாத்தே ஊற்றினார்கள், ஒருத்தி மயங்கி விழுந்தாள். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தைத்த பெரிய பதாகையில் அவன் கையெழுத்து வேறு போட்டுவிட்டுப் போனான். ஒரியானா வந்து கையெழுத்தை ஒரு பார்வைதான் பார்த்தாள். தாயின் கத்தரிக்கோலை வாங்கி அந்தத் துண்டை வெட்டியெடுத்து, தெருமுனையில் தொத்திறைச்சி சுடும் ரூபெனின் அடுப்பில் போட்டாள். மயங்கி விழுந்தவளைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை எவனாவது வந்தா, என்கிட்ட கொண்டு வாங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

கச்சேரி நாள் வந்தது. பிற்பகல் முழுவதும் சுவருக்கு அந்தப் பக்கம் வாத்தியங்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வெறும் முரசுச் சத்தத்துக்கே இந்தப் பக்கம் பலர் கண்ணீர் விட்டார்கள். பிறகு சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில், ஒரியானாவின் வலதுகையாக இருக்கும் மைக்கா, கூடாரத்துக்குள் தலையை நீட்டினாள். "ஒரி, வெளிய வா. இன்னொருத்தன் வந்திருக்கான். ரூபென்கிட்ட நின்னு சோரிபான் திங்கறான்."

தலையை மூடிய சாம்பல்நிற மேற்சட்டை, கண்ணுக்குக் கீழே கருவளையம், உதட்டோரம் எண்ணெய். படங்களில் பார்த்த பளபளப்பு துளியும் இல்லை. ரொட்டிக்குள் வைத்த தொத்திறைச்சியை ஜெயிலில் இருந்து வந்தவன்போலத் தின்றுகொண்டிருந்தான். பெண்கள் சூழ்ந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, கூச்சத்தோடு சிரித்தான். "நீங்கதானா அந்தக் கூடாரப் பொண்ணுங்க? நான் தாரியோ. டூர்ல மூணு வாரமா அவிச்ச பூசணிக்காயே போடறாங்க. வாசனை வந்துச்சு, பக்கவாசல் வழியா நழுவி வந்துட்டேன்."

ஒரியானா பதறவில்லை. உட்காரச் சொன்னாள். குடுக்கையை நிரப்பி முதல் மரியாதையாக அவனிடமே கொடுத்தாள். அவன் உறிஞ்சிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, "நன்றி" என்றான்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாத்தே சுற்றில் நன்றி சொன்னால் எனக்குப் போதும் என்று அர்த்தம். தொட்டில் குழந்தைக்கும் தெரியும். அடுத்த சுற்றில் ஒரியானா அவனைத் தாண்டிப் போனாள். அவன் நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டான். ரொசாரியோவில் பிறந்தவன் இந்தத் தப்பைச் செய்வானா? மயாமியில் நாள் முழுக்க எல்லாருக்கும் நன்றி சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டவன் செய்வான். அந்தக் கோணத்தில் யாரும் யோசிக்கவில்லை.

மைக்கா தன் பையிலிருந்து பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்துச் சுட்ட எம்பனாடாப் பலகாரம் ஒன்றை எடுத்து நீட்டினாள். ஒரியானா கண்ணைக் காட்டியதால்தான் நீட்டினாள். அவன் இரண்டே வாயில் விழுங்கிவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டான். ஒரியானாவுக்குக் காது மடல் சிவந்தது.

கடைசியாக நாயைக் கேட்டாள்.

"எந்த நாய்?" என்றான் அவன். "நான் நாயே வளர்த்ததில்லையே. எனக்கு நாய்னா தும்மல் வரும். அதெல்லாம் எவனாவது ஆபீஸ்ல உக்காந்து எழுதியிருப்பான்."

தெருவில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. வருஷாவருஷம் கறுப்பு உடுத்தியவள் முன்னால் ஒருவன் உட்கார்ந்து, வாயோரம் பாலாடைக்கட்டி வழிய, நாயே இல்லை என்கிறான். போதாததற்குக் குள்ளமாக வேறு இருந்தான். ஒரியானா எழுந்தாள். "பிடிங்கடி" என்றாள்.

கம்பிக்காக முண்டியடிக்க மாதக்கணக்கில் பழகிய பெண்கள் அவர்கள். கூடாரக் கயிறு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவன் முதலில் சிரித்தான், ஏதோ விளையாட்டு என்று நினைத்திருக்க வேண்டும். கையைப் பின்னால் கட்டியபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். காலையும் கட்டியபோது நிறுத்தினான். அவன் கைபேசி விடாமல் அடித்தது. திரையில் மேனேஜர் என்று எழுத்து மின்னியது. "நல்லா ஏற்பாடு பண்ணிட்டுத்தான் கெளம்பியிருக்கான்" என்று சொல்லி ஒரியானா அதைப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் போட்டாள். கச்சேரி முடியும்வரை இவன் முதல் கூடாரத்துக்குள் கிடக்கட்டும், பிறகு வரிசை கூடித் தண்டனை முடிவு செய்யும் என்று தீர்ப்பாயிற்று.

கிராசியேலா மிலனேசா ரொட்டியோடு வந்தபோது கூடாரத்துக்குள் கட்டுண்டு கிடந்தவனைப் பார்த்து, யாருடி இது என்று கேட்டாள். போலி என்றார்கள். அவளுக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. "எலும்பும் தோலுமா இருக்கானே பாவி" என்று பக்கத்தில் உட்கார்ந்து, பொரித்த இறைச்சியைப் பிட்டுப் பிட்டு ஊட்டினாள். இழுபறியில் கிழிந்திருந்த தோள்பட்டையை, அவன் உடம்பிலேயே வைத்து, நாலு தையல் போட்டுச் சரிசெய்தாள்.

"அம்மா, நான் நெசமாவே தாரியோ லுஸ்" என்றான் அவன்.

"சரிப்பா, இருந்துட்டுப் போ. மொதல்ல மென்னு முழுங்கு" என்றாள் கிராசியேலா. பிறகு வரிசையில் மகளுக்கு இடம் பிடிக்க எழுந்து போனாள்.

வெளியே காற்று மாறியது. காதில் ஒயர் செருகிய பாதுகாப்பு ஆட்கள் சுவரோரம் குறுக்கும் நெடுக்கும் ஓடினார்கள். அவனைக் காணவில்லை என்று முதலில் ஒருத்தி சொன்னாள். கடத்திவிட்டார்கள் என்று அடுத்தவள் சொன்னாள். வரிசையின் கோடியைச் செய்தி அடைவதற்குள் ஒரு விரலை வெட்டி அனுப்பியிருந்தார்கள். பெண்கள் நடைபாதையில் மண்டியிட்டுக் கைகோத்து ஜெபித்தார்கள். ஜெபத்தை உரத்த குரலில் நடத்தியவள் ஒரியானா. அவள் சொல்லச் சொல்ல வரிசை திருப்பிச் சொல்லியது. அவள் முழங்காலுக்குப் பின்னால், ஒரு துணிச்சுவருக்கு அந்தப் பக்கம், ஜெபிக்கப்பட்டவன், கூப்பிட்ட குரல் ஜெபத்தில் அமுங்கிப்போக, மிலனேசா ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு போலீஸ்காரர் வந்து, ஜெப இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி, பாடகர் இந்தப் பக்கம் வந்ததை யாராவது பார்த்தீர்களா என்று விசாரித்தார்.

"பாத்திருந்தா விட்டிருப்போமா சார்?" என்றாள் ஒரியானா.

அவருக்கே அது நியாயமாகப் பட்டது. போய்விட்டார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே ஒரியானாவுக்கு அப்போது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் கண்ணீர் நிஜம். தாரியோவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நடுக்கமும் நிஜம்.

மைக்காதான் முதலில் கூட்டிப் பார்த்தாள். உள்ளே ஒருவனைக் காணோம். வெளியே ஒருவன் கிடைத்திருக்கிறான். கணக்கு அவ்வளவு கடினமில்லை. ஒரியானாவைக் கூடாரத்துக்குள் இழுத்துப்போய்க் காதைக் கடித்தாள். அவனைக் கட்டிப்போட்ட பெண்கள் எல்லாரும் உள்ளே வந்து கூடினார்கள். அவன் சோர்ந்துபோய், "பாடிக் காட்டறேன். அப்பவாவது நம்புவீங்களா?" என்றான்.

பாடினான். ஊரே அறிந்த பாட்டுதான். ஆனால் ஒலித்தகட்டில் கேட்கும் தேனில் ஒரு சொட்டுக்கூட அதில் இல்லை. குரல் கரகரத்தது. மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டது. ஒருத்தி பக்கென்று சிரித்தாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மைக்காவே சமாதானமாகி, தேவையில்லாமல் பயந்துவிட்டோம் என்று தோளைக் குலுக்கினாள்.

ஒரியானா சிரிக்கவில்லை. இரண்டாவது அடியின் நடுவில், மூச்சு எடுக்கக்கூடாத இடத்தில், அவன் ஒரு சின்ன மூச்சு எடுத்தான். இருட்டில் எதையோ மிதித்த பிள்ளை எடுக்கிற மூச்சு. பன்னிரண்டு வயதிலிருந்து காதில் அந்த மூச்சை வைத்துக்கொண்டுதான் அவள் தூங்கியிருக்கிறாள். யந்திரங்கள் அவன் குரலில் எதையெதையோ திருத்தியிருக்கலாம், அதை மட்டும் விட்டிருந்தன. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

சந்தோஷம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. வந்தது பயம். அவன் வந்து முன்னால் உட்கார்ந்திருக்கிறான், அவளுக்குத் தெரியவில்லை. குடுக்கையோடு அவனைத் தாண்டிப் போனவள் அவள். கட்டச் சொன்னவள் அவள். இப்போது ஆமாம் என்று சொன்னால், அவள் வகுத்த சட்டப்படியே, பையை எடுத்துக்கொண்டு கோடிக்கு நடக்க வேண்டும். கழிப்பறைக்குப் பக்கத்தில், ஷிமேனாவுக்கும் பின்னால். ஷிமேனா தள்ளி உட்கார்ந்து இடம்விட்டாலும் விடுவாள். அதை நினைத்தால்தான் இன்னும் பொறுக்கவில்லை.

அவனும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டான். "உனக்குத் தெரிஞ்சிருச்சு, இல்ல?" என்றான் மெதுவாக. அன்றைக்கு முதல்முறையாக அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

எல்லாரும் ஒரியானாவைப் பார்த்தார்கள்.

"சுருதியே சேரல" என்றாள் அவள். "அவன் இல்ல இது."

"அப்போ சரி" என்று பெண்கள் பைகளைத் தேடினார்கள். மைக்கா மட்டும் நகரவில்லை. "ஒருவேளை அவனாவே இருந்தா, உள்ள யாருடி பாடுவா?"

"கம்பியைப் பிடிக்கிறதுதான் நம்ம வேலை. மத்தது அவங்க கவலை" என்றாள் ஒரியானா.

அதே சமயம் ஒலிபெருக்கி அலறியது. சிறிது தாமதத்துக்கு வருந்துவதாகவும், வாசல் திறக்கப்படுவதாகவும் ஒரு குரல் சொல்லிற்று. இரும்புக் கதவு தரையை உரசிக்கொண்டு திறக்கும் சத்தம். தெரு முழுக்கக் கூச்சல். மைக்கா ஓடினாள், எல்லாரும் ஓடினார்கள். கிராசியேலா வெளியிலிருந்து மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் கத்துவதற்காக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

திறந்த கூடார வாசல் வழியாகக் குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது. அவன் தொண்டைக்குக் குளிர் ஆகாது என்பது ஒரியானாவைவிட வேறு யாருக்குத் தெரியும்? தன் கழுத்திலிருந்த கம்பளித் துண்டை அவிழ்த்து, அவன் முன்னால் மண்டியிட்டு, காற்று புகாதபடி, வலிக்காதபடி, தாய் பிள்ளைக்குச் சுற்றுவதுபோல் அவன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். மூன்றாவது சுற்றை வாய்க்கு மேல் கொண்டுபோய், இறுக்கி முடிச்சுப் போட்டாள்.